லினக்ஸ் கணினியில் நிறுவிய பொதிகளை மீட்டலும் படியெடுத்தலும்

லினக்ஸ் கணினியில் என்னென்ன மென்பொருள்கள் நிறுவப்பட்டுள்ளன என்ற பட்டியலைக் கணினியே எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தப் பட்டியலை வேறோர் இடத்தில் எடுத்து வைத்திருந்தால், வன்தட்டு பழுதாகிப் போனாலும் அதே மென்பொருள்களைப் புதிய தட்டில் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். இதைப் பொதி மீட்பு எனலாம். அதே பட்டியலைக் கொண்டு இன்னொரு கணினியை முதல் கணினியைப் போலவே அமைத்தால் அது பொதிப் படியெடுப்பு. இரண்டுக்கும் வழிமுறை ஏறக்குறைய ஒன்றே. டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட், பாஸ் ஆகியவை அடங்கிய டெபியன் குடும்பத்தை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இக்குடும்பம் புதிதன்று. சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் இருந்தது. பலர் அதை ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை என்பது வேறு செய்தி. 2018-இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் உபுண்டு பற்றிய பாடம் இடம்பெற்றது.

ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் புரிந்துகொள்வது எளிது. கலசப்பாக்கம் போன்ற ஓர் ஊரில் உள்ள மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆய்வகத்தில் பத்துக் கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். ஆசிரியர் ஒரு கணினியில் மட்டும் பல மாதங்களாகப் பார்த்துப் பார்த்து மென்பொருள்களைச் சேர்த்திருக்கிறார்: சி பிளஸ் பிளஸ் நிரல்பெயர்ப்பி, பைத்தான், லிபர் ஆபீஸ், தமிழ்99 விசைப்பலகை, தமிழ் எழுத்துருக்கள். செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தக் கணினியின் வன்தட்டு நின்றுவிடுகிறது. என்னென்ன நிறுவியிருந்தோம் என்பதை நினைவிலிருந்து எழுத முயன்றால் பெரியவை நினைவுக்கு வரும், சிறியவை வாரா. லிபர் ஆபீஸ் நினைவிருக்கும், அதன் தமிழ் இடைமுகப் பொதி மறந்துபோகும். தேர்வு நாளில் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

கட்டளைகள் பற்றி ஒரு குறிப்பு. இக்கட்டுரையில் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் உள்ளிட வேண்டும். ஒரு கட்டளையின் சரியான எழுத்துக்கூட்டலையும் தெரிவுகளையும் ‘மேன்’ என்ற கட்டளைக்குப் பின் அதன் பெயரை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டியல் எங்கே இருக்கிறது

லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாக வருகின்றன. ஒரு பொதியில் நிரல் கோப்புகளுடன், அதன் பெயர், பதிப்பெண், அது இயங்கத் தேவையான பிற பொதிகள் ஆகிய விவரங்களும் இருக்கும். இப்படித் தேவைப்படும் பிற பொதிகளைச் சார்புகள் என்பர். பொதிகளைப் பிரித்து உரிய இடங்களில் வைக்கும் வேலையை டிபிகேஜி என்ற நிரல் செய்கிறது. களஞ்சியத்திலிருந்து பொதிகளை இறக்கி, சார்புகளையும் சேர்த்துக் கொண்டுவரும் வேலை ஆப்ட் நிரலுடையது. 1999-இல் வெளிவந்த டெபியன் 2.1-லிருந்து ஆப்ட் பயன்பாட்டில் உள்ளது. 2023-இல் வந்த டெபியன் 12-இன் களஞ்சியத்தில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன.

நிறுவிய ஒவ்வொரு பொதியைப் பற்றியும் டிபிகேஜி ஒரு பத்தி எழுதி வைக்கிறது. வார் என்ற அடைவினுள் லிப், அதனுள் டிபிகேஜி, அதனுள் ‘ஸ்டேட்டஸ்’ என்ற கோப்பு. இது வெறும் உரைக் கோப்பு. எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம், ஆனால் கையால் திருத்தக் கூடாது. கணினியில் எது இருக்கிறது, எது இல்லை என்ற கேள்விக்கு ஆப்ட் இந்தக் கோப்பைப் பார்த்துத்தான் விடை சொல்லும்.

ஆரணிப் பகுதி மாணவர்களுக்கு இதைத் தறியைக் கொண்டு விளக்கலாம். பட்டுப் புடவையின் கரையிலும் முந்தியிலும் வரும் உருவங்களை ஜக்கார்டு பெட்டியில் கோத்த துளையட்டைகள் தீர்மானிக்கின்றன. எந்தப் பாவு நூல் மேலே எழ வேண்டும், எது கீழே இருக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் அட்டையும் சொல்கிறது. நெய்த புடவையைப் பாதுகாத்து வைக்காவிட்டாலும், அட்டைக் கோவை பத்திரமாக இருந்தால் அதே கரையை மறுபடி நெய்யலாம். இன்னொரு தறியில் ஏற்றியும் நெய்யலாம். ஆனால் அட்டைக்கு நூலின் தரமும் தெரியாது, சரிகையும் தெரியாது. அவற்றைத் தனியாகத்தான் கொண்டுவர வேண்டும். பொதிப் பட்டியலும் அப்படியே. அதில் பெயர்கள் மட்டும் உள்ளன. மென்பொருள் களஞ்சியத்திலிருந்து வர வேண்டும். பயனரின் கோப்புகள் வேறு வழியில் வர வேண்டும்.

பட்டியலை எடுத்தல்

பட்டியல் எடுக்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன.

பழைய வழி, ‘டிபிகேஜி’ கட்டளையுடன் ‘கெட்-செலக்சன்ஸ்’ என்ற தெரிவைச் சேர்ப்பது. தெரிவின் முன் இரண்டு சிறு கோடுகள் இட வேண்டும். வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால் பட்டியல் தயார். ஒவ்வொரு வரியிலும் ஒரு பொதியின் பெயரும் அதன் நிலையும் இருக்கும். ‘இன்ஸ்டால்’ என்றால் நிறுவப்பட்டது. ‘டீஇன்ஸ்டால்’ என்றிருந்தால் நீக்கப்பட்டது, ஆனால் அமைப்புக் கோப்புகள் மட்டும் மிஞ்சியுள்ளன என்று பொருள். சாதாரண மேசைக் கணினி ஒன்றில் இப்பட்டியல் இரண்டாயிரம் வரிகளைத் தொடுவது இயல்பு. அதில் பெரும்பாலானவை பயனர் கேட்டு வந்தவை அல்ல, சார்புகளாகத் தாமே வந்தவை.

மற்றொரு வழி, ‘ஆப்ட்-மார்க்’ கட்டளையுடன் ‘ஷோமேனுவல்’ என்று சேர்ப்பது. இது பயனர் கேட்டு நிறுவிய பொதிகளை மட்டும் தரும். உபுண்டுவில் இயங்குதளத்தை நிறுவும்போதே வந்த சில அடிப்படைப் பொதிகளும் இதில் கலந்திருக்கும், அதனால் தீங்கில்லை. பெரும்பாலோருக்கு இந்த இரண்டாம் பட்டியலே போதும், இதுவே நல்லது என்றும் சொல்லலாம். காரணம் அடுத்த பகுதியில் தெரியும்.

எடுத்த பட்டியலை அதே கணினியில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் பலரும் செய்யும் தவறு. தட்டு போகும்போது பட்டியலும் சேர்ந்து போகும். சில பத்துக் கிலோபைட் அளவே உள்ள கோப்பு அது. விரலியில் ஒரு படி, மின்னஞ்சலில் ஒரு படி வைத்துக்கொள்ளலாம். கூடவே ஈடிசி அடைவினுள் உள்ள ‘ஆப்ட்’ அடைவையும் அப்படியே படியெடுக்க வேண்டும். எந்தெந்தக் களஞ்சியங்களிலிருந்து பொதிகள் வந்தன என்ற முகவரிகள் அதில்தான் உள்ளன. டெபியன் அல்லது உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து ஏதேனும் நிறுவியிருந்தால் அதன் முகவரியும், நம்பகத்தன்மையைச் சரிபார்க்கும் திறவுகோல் கோப்பும் தேவை. திறவுகோல்கள் வேறு அடைவில் வைக்கப்பட்டிருப்பதும் உண்டு. முகவரிக் கோப்பிலேயே அந்த இடம் குறிக்கப்பட்டிருக்கும்.

பட்டியலிலிருந்து மீண்டும் நிறுவுதல்

புதிய தட்டில் முதலில் அதே இயங்குதளத்தின் அதே வெளியீட்டை நிறுவ வேண்டும். களஞ்சிய முகவரிகளை உரிய இடத்தில் வைத்து, ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்துக் களஞ்சிய விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும்.

கையிலிருப்பது ஷோமேனுவல் பட்டியல் என்றால், அதிலுள்ள பெயர்களை ‘எக்ஸ்ஆர்க்ஸ்’ கட்டளை வழியாக ‘ஆப்ட்-கெட் இன்ஸ்டால்’ கட்டளைக்குக் கொடுத்தால் போதும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியலில் ஒரே ஒரு பெயர் களஞ்சியத்தில் இல்லாமல் போனாலும் ஆப்ட் எதையும் நிறுவாமல் நின்றுவிடும். பிழைச் செய்தியில் வரும் பெயரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும்.

கெட்-செலக்சன்ஸ் பட்டியல் என்றால், அதை ‘டிபிகேஜி’ கட்டளைக்கு ‘செட்-செலக்சன்ஸ்’ தெரிவுடன் உள்ளீடாகக் கொடுத்து, பிறகு ‘ஆப்ட்-கெட் டிசெலக்ட்-அப்கிரேட்’ ஓட்டுவது முறை. பழைய குறிப்புகள் இத்துடன் நின்றுவிடும். இக்காலக் கணினிகளில் இது அப்படியே வேலை செய்யாது. அறியாத பொதி என்று நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் வரும். டிபிகேஜி தன்னிடம் வைத்திருக்கும் ‘கிடைக்கும் பொதிகள்’ பட்டியல் வெறுமையாக இருப்பதே காரணம். ‘ஆப்ட்-கேச் டம்ப்அவெய்ல்’ வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, அதை ‘டிபிகேஜி’க்கு ‘மெர்ஜ்-அவெய்ல்’ தெரிவுடன் கொடுத்த பின்பே செட்-செலக்சன்ஸ் செய்ய வேண்டும்.

இந்த வழியில் இன்னொரு குறையும் உண்டு. தானாக வந்த சார்புகளையும் பயனர் கேட்டு நிறுவியவை என்றே ஆப்ட் எடுத்துக்கொள்ளும். பின்னாளில் ஒரு மென்பொருளை நீக்கினாலும் அதன் சார்புகள் போகாமல் தங்கிவிடும். பழைய கணினியில் ‘ஆப்ட்-மார்க் ஷோஆட்டோ’ பட்டியலையும் எடுத்து வைத்திருந்தால், புதியதில் ‘ஆப்ட்-மார்க் ஆட்டோ’ கொண்டு அந்த அடையாளத்தைத் திரும்ப இடலாம். ஷோமேனுவல் பட்டியலில் இத்தொல்லை இல்லை.

வெளியீடு மாறினால்

உபுண்டு 22.04-இல் எடுத்த முழுப் பட்டியலை 24.04-இல் ஏற்ற முயன்றவர்கள் ஒரு வியப்பைச் சந்தித்திருப்பார்கள்: நூற்றுக்கணக்கான நூலகப் பொதிகளின் பெயரே மாறியிருந்தது. பல பெயர்களின் இறுதியில் ‘டி64’ என்ற ஒட்டு சேர்ந்திருந்தது. 32 பிட் அளவில் நேரத்தைக் கணக்கிடும் முறை 2038 ஜனவரியில் நிரம்பிவிடும் என்பதால், 64 பிட் நேரத்துக்கு மாறும் பணியில் டெபியனும் உபுண்டுவும் அப்பொதிகளுக்குப் புதுப்பெயர் வைத்தன. இல்லாவிட்டாலும் நூலகப் பொதிகளின் பெயரிலேயே பதிப்பெண் ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். ஒவ்வொரு வெளியீட்டிலும் சில மாறும். பயனர் கேட்டு நிறுவும் மென்பொருள்களின் பெயர்கள் அவ்வளவு மாறுவதில்லை. ஆகவே வெளியீடு மாறும்போது முழுப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஷோமேனுவல் பட்டியலை மட்டும் பயன்படுத்துவதே முறை.

வேறு வகைக் கணினிக்குப் படியெடுக்கும்போது கருனி, வரைவியல் அட்டை, கம்பியில்லா வலையமைப்பு ஆகியவற்றின் இயக்கிப் பொதிகளையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். ஒரு கணினிக்குப் பொருந்தும் இயக்கி மற்றொன்றின் திரையை இருட்டாக்கிவிடக்கூடும்.

பட்டியலில் வராதவை

மாணவரின் பைத்தான் நிரல்களும் ஆவணங்களும் ஹோம் அடைவில் உள்ளன. பொதிப் பட்டியலுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. மென்பொருளைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், ஒரு மாணவி மூன்று மாதம் எழுதிய செய்பணியை எந்தக் களஞ்சியத்திலிருந்தும் இறக்க முடியாது. காப்பு நகல் எடுக்க நேரம் குறைவாக இருந்தால் முதலில் ஹோம் அடைவைத்தான் எடுக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்களின் உள்ளடக்கமும் ஈடிசி அடைவில் செய்த மாற்றங்களும் அடுத்து.

ஸ்னாப், ஃபிளாட்பேக் வழியாக வந்த மென்பொருள்களும் டிபிகேஜிக்குத் தெரியாது. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகவே வருகிறது. ‘ஸ்னாப் லிஸ்ட்’, ‘ஃபிளாட்பேக் லிஸ்ட்’ என்று தனித்தனியே பட்டியல் எடுக்க வேண்டும். பைத்தான் கூறுகளுக்குப் ‘பிப் ஃபிரீஸ்’. மூல நிரலிலிருந்து தொகுத்து நிறுவியவை எந்தப் பட்டியலிலும் இரா.

முன்கூட்டியே பட்டியல் எடுக்காதபோது

நடைமுறையில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் இருப்பார்கள். அப்போதும் கணினியே பல இடங்களில் தடயம் விட்டு வைத்திருக்கும்.

முதலில், கணினி நன்றாக இயங்கும்போதே தவறுதலாக ஒரு பொதியை நீக்கிவிட்ட நிலை. பழைய பைத்தான் வேண்டாம் என்று நினைத்துப் பைத்தான்3 பொதியை நீக்குவது இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. உபுண்டுவின் மேசைச்சூழலே அதைச் சார்ந்திருப்பதால், ‘ஒய்’ என்று ஒரு விசையைத் தட்டியதும் திரையில் இருந்த எல்லாமே போய்விடும். மறுமுறை கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையும் எழுத்துகளும் மட்டுமே இருக்கும். இங்கே உதவுவது வார் அடைவினுள் லாக், அதனுள் ஆப்ட், அதனுள் ‘ஹிஸ்டரி.லாக்’ கோப்பு. எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தக் கட்டளையால் எந்தப் பொதிகள் நீக்கப்பட்டன என்பது அதில் வரிசையாக இருக்கும். ‘ரிமூவ்’ என்று தொடங்கும் வரியிலுள்ள பெயர்களை எடுத்து மறுபடி நிறுவினால் பழைய நிலை திரும்பும். இந்தப் பதிவேடு மாதந்தோறும் சுருக்கி அடுக்கப்பட்டு, வழக்கமான அமைப்பில் 12 மாதங்கள் வரை வைக்கப்படுகிறது.

அடுத்தது, நிறுவிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விடுவது. நம் ஊர்களில் இது அடிக்கடி நடக்கும். மறுபடி கணினியை இயக்கியதும், டிபிகேஜி பாதியில் நின்றது என்று ஆப்ட் அறிவிக்கும். ‘டிபிகேஜி’யுடன் ‘கான்ஃபிகர்’ தெரிவையும் ஒற்றைக் கோட்டுடன் ‘ஏ’ எழுத்தையும் சேர்த்து ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து அது தொடரும். சார்புகள் குறைபட்டிருந்தால் ‘ஆப்ட்-கெட் இன்ஸ்டால்’ கட்டளைக்கு ஒற்றைக் கோட்டுடன் ‘எஃப்’ சேர்த்தால் சரிசெய்துகொள்ளும்.

சில சமயம் மின்தடையில் ஸ்டேட்டஸ் கோப்பே சிதைந்துவிடும். அப்போது கணினியில் மென்பொருள்கள் எல்லாம் இருக்கும், ஆனால் ஒன்றுமே இல்லை என்று ஆப்ட் சொல்லும். பதற வேண்டாம். அதே அடைவில் ‘ஸ்டேட்டஸ்-ஓல்டு’ என்ற முந்தைய படி இருக்கும். அதுவும் கெட்டிருந்தால் வார் அடைவினுள் ‘பேக்கப்ஸ்’ அடைவைப் பார்க்க வேண்டும். அங்கே ‘டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0’ தொடங்கி எண்ணிட்ட பல படிகள் காத்திருக்கும். ஸ்டேட்டஸ் கோப்பில் மாறுதல் இருந்தால், கணினி ஒவ்வொரு நாளும் தானே எடுத்து வைக்கும் படிகள் இவை. இப்படி ஒரு காப்பு நடக்கிறது என்பதே பல ஆண்டுகள் லினக்ஸ் பயன்படுத்தியவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. நல்ல படி ஒன்றை ஸ்டேட்டஸ் என்ற பெயரில் உரிய இடத்தில் வைத்தால் பெரும்பாலும் கணினி பிழைத்துக்கொள்ளும். அதற்குப் பின் நிறுவிய ஓரிரு பொதிகளை ஹிஸ்டரி பதிவேட்டைப் பார்த்து மீண்டும் நிறுவிவிடலாம்.

வார் அடைவே முழுதாகப் போய்விட்டால் கடைசி வழி ஒன்று இருக்கிறது. யூஎஸ்ஆர் அடைவினுள் ஷேர், அதனுள் ‘டாக்’ என்ற அடைவு. ஏறக்குறைய ஒவ்வொரு பொதியும் தன் உரிமக் குறிப்பை வைக்க இங்கே தன் பெயரில் ஓர் அடைவு உருவாக்குகிறது. அந்த அடைவுகளின் பெயர்ப்பட்டியலே நிறுவிய பொதிகளின் பட்டியல். பதிப்பெண் கிடைக்காது, தானாக வந்தது எது என்றும் தெரியாது. ஆனால் ஒன்றுமில்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

கணினி தொடங்கவே இல்லை, ஆனால் தட்டைப் படிக்க முடிகிறது என்றால், விரலியிலிருந்து இயங்கும் உபுண்டுவைக் கொண்டு கணினியைத் திறந்து, பழுதான கணினியின் தட்டை ஏற்றிக்கொள்ளலாம். ‘டிபிகேஜி’யின் ‘ரூட்’ தெரிவில் அந்தத் தட்டு ஏற்றப்பட்ட இடத்தைக் குறித்துவிட்டுக் கெட்-செலக்சன்ஸ் கொடுத்தால், தொடங்காத கணினியின் பட்டியல் அப்படியே கைக்கு வரும். ஹோம் அடைவையும் அதே நேரத்தில் வெளித்தட்டில் படியெடுத்துக்கொள்வது நல்லது. கரகரவென ஒலி எழுப்பும் தட்டு என்றால் ஹோம் முதலில், பட்டியல் பிறகு.

களஞ்சியத்தில் இப்போது கிடைக்காத பழைய மென்பொருள் ஒன்று கணினியில் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தால், ‘டிபிகேஜி-ரீபேக்’ என்ற கருவி நிறுவப்பட்ட கோப்புகளைத் திரட்டி மீண்டும் ஒரு பொதியாகக் கட்டித்தரும்.

இணையம் மெதுவாக உள்ள இடங்களில்

பத்துக் கணினிகளும் ஒரே பொதிகளைத் தனித்தனியே இறக்கினால் ஆய்வகத்தின் ஒரு நாள் முழுதும் அதிலேயே போகும். ஒரு கணினி இறக்கிய பொதிக் கோப்புகள் வார் அடைவினுள் கேச், ஆப்ட், ‘ஆர்க்கைவ்ஸ்’ என்ற அடைவில் சேர்கின்றன. அவற்றை விரலியில் எடுத்து மற்றக் கணினிகளில் அதே அடைவில் இட்டால், ஆப்ட் இணையத்துக்குப் போகாமல் அவற்றையே பயன்படுத்தும். ஆனால் 2016 முதல் ‘ஆப்ட்’ கட்டளை, நிறுவி முடித்ததும் இக்கோப்புகளை அழித்துவிடுகிறது, ‘ஆப்ட்-கெட்’ அழிப்பதில்லை. படியெடுக்கும் எண்ணம் இருந்தால் ஆப்ட்-கெட் கட்டளையையே பயன்படுத்த வேண்டும்.

ஆய்வகக் கணினிகள் உள்வலையமைப்பில் இணைந்திருந்தால் இதைவிட நல்ல வழி ‘ஆப்ட்-கேச்சர்-என்ஜி’. ஒரு கணினியில் இதை நிறுவி, மற்றவற்றை அதன் 3142 என்ற துறை எண் வழியாகப் பொதிகளைக் கேட்கும்படி அமைத்தால், ஒவ்வொரு பொதியும் இணையத்திலிருந்து ஒரே முறைதான் இறங்கும். இரண்டாவது கணினி முதல் எல்லாம் உள்வலையின் வேகத்தில் நடக்கும்.

முழுத் தட்டையும் படியெடுத்தல்

பட்டியல் எதற்கு, தட்டையே அப்படியே படியெடுத்துவிடலாமே என்று கேட்கலாம். தைவானில் உருவான குளோன்சில்லா அதைத்தான் செய்கிறது. ஒரே மாதிரியான பத்துக் கணினிகளை ஒரே நாளில் அமைக்க அது மிகவும் ஏற்றது. ஆனால் படிகள் கணினியின் பெயர், ஈடிசி அடைவிலுள்ள இயந்திர அடையாள எண், பாதுகாப்புத் திறவுகோல்கள் உட்பட எல்லாவற்றையும் ஒன்றாகவே கொண்டிருக்கும். ஒரே அடையாள எண்ணைக் கொண்ட இரண்டு கணினிகளுக்கு வலையமைப்பில் ஒரே முகவரி கிடைத்து மோதிக்கொள்வதுண்டு. படியெடுத்த ஒவ்வொன்றிலும் இவற்றை மாற்ற வேண்டும். தட்டின் அளவும் கணினியின் வகையும் வேறுபட்டால் பட்டியல் வழியே எளிது.

பிற குடும்பங்கள்

ஃபெடோரா, சூசே போன்றவை ஆர்பிஎம் பொதிகளைப் பயன்படுத்துகின்றன. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் சூசே லினக்ஸுக்கு மாறியபோது அங்கு இருந்தவை இவ்வகைப் பொதிகளே. ‘ஆர்பிஎம்’ கட்டளைக்கு ஒற்றைக் கோட்டுடன் ‘கியூஏ’ சேர்த்தால் முழுப் பட்டியல் வரும். பெயருடன் பதிப்பெண்ணும் ஒட்டி வருவதால் பெயரை மட்டும் பிரித்தெடுக்க ‘கியூரிஃபார்மட்’ தெரிவைப் பயன்படுத்த வேண்டும். ஆர்ச் லினக்ஸில் ‘பேக்மேன்’ கட்டளைக்குக் ‘கியூகியூஇ’ சேர்த்தால் பயனர் கேட்டு நிறுவியவை மட்டும் வரும்; இவற்றில் முதல் ‘கியூ’ மட்டும் பெரிய எழுத்து.